பினாங்கு சுவர்களைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும்

போன சனிக்கிழமை பெரியப்பாவையும் என் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுன் போயிருந்தேன். பட்டர்வொர்த்தில் காரை விட்டுவிட்டு ஃபெரி ஏறினோம். தைப்பூசத்துக்கும் தீபாவளித் துணி எடுக்கவும் வருஷா வருஷம் போகிற ஊர்தான். ஆனால் சுவரோவியம் பார்க்கவென்று, வழிகாட்டியோடு, நடந்தே சுற்றியது இதுதான் முதல் தடவை. ஒரு வாரமாக அதே நினைப்பாக இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாமே தேடிப் போய்ப் படம் எடுத்துவிட்டு வருவது வேறு. விவரம் தெரிந்தவரோடு நடப்பது வேறு. எங்கள் வழிகாட்டி முப்பது வயதுச் சீனப் பெண். கழுத்தில் சுற்றுலா வழிகாட்டிகளின் நீல அட்டை. ஆர்மீனியன் தெருவில், சைக்கிளில் போகும் அக்கா தம்பி ஓவியத்துக்கு முன்னால் நீள வரிசை. எல்லாரும் படம் எடுக்கக் காத்திருந்தார்கள். அவர் எங்களைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, "ஓவியத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் சுவரைப் பாருங்கள்" என்றார்.

பார்த்தோம். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளெல்லாம் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும்தான். தரையின் ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்பு அதை வெளியே விட்டுவிடும். சுவர் மூச்சு விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் இந்தக் காலத்துப் பெயிண்ட்டை அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, பெயிண்ட் பொரிந்து, கடைசியில் பூச்சோடு சேர்ந்து உதிரும். பக்கத்து வீட்டுச் சுவரடியில் உதிர்ந்து கிடந்த ஒரு சில்லை என் மகன் எடுத்துக் காட்டினான். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். மேலே பச்சை, அதன் கீழே மங்கிய நீலம், அதற்கும் கீழே விரலில் மாவாக ஒட்டும் வெள்ளைச் சுண்ணாம்பு. எத்தனை குடும்பங்கள் வந்து போன நிறங்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் ஓவியத்துக்கு வந்தார். லித்துவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் சக்கரேவிச் 2012 ஜார்ஜ்டவுன் விழாவுக்காக வரைந்தது. பிள்ளைகள் ஓவியம், சைக்கிள் நிஜம். சுவரோடு சேர்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். கைப்பிடியும் சீட்டும் ஆயிரக்கணக்கானவர் தொட்டுத் தொட்டு வழவழவென்று ஆகிவிட்டன. முன்னால் அக்கா மிதிக்கிறாள். பின்னால் தம்பி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்துகிறான். என் மகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் தன் தம்பியை அப்படித்தான் ஏற்றிக்கொண்டு போவாள்.

கேனன் தெருவில் நாற்காலியில் ஏறிக் கை எட்டும் பையன், ஆ குவீ தெருவில் பழைய மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் பையன் என்று வரிசையாகப் பார்த்தோம். அவற்றைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தவை இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்கள். மாநில அரசு 2009-இல் நடத்திய போட்டியிலிருந்து பிறந்தவை, மொத்தம் 52. அந்தந்தத் தெருவின் கதையை அந்தந்தத் தெருவிலேயே சொல்கின்றன. 1867 கலவரத்தில் பீரங்கிக் குண்டு விழுந்து ஏற்பட்ட குழியால்தான் கேனன் தெருவுக்கு அந்தப் பெயர் என்பதை ஒரு கம்பிச் சித்திரம் சொல்கிறது. காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ தொழில் கற்ற இடத்தையும் இன்னொன்று காட்டுகிறது. வெயில் சாயச் சாயக் கம்பியின் நிழல் சுவரில் நகர்கிறது. பெயிண்ட் இல்லாததால் சுவரும் பிழைத்துக்கொள்கிறது.

இனி என் மனதை உறுத்திய விஷயம்.

ஆ குவீ தெருவிலிருந்து லிட்டில் இந்தியாவுக்குள் வந்தோம். வழிகாட்டி சிரித்த முகத்தோடு, "மசாலா வாசனை வருகிறதா? பதினைந்து நிமிடம் இருக்கிறது, வேண்டியதை வாங்கிக்கொண்டு வாருங்கள்" என்றார். அவ்வளவுதான். அதுவரை ஒவ்வொரு சந்துக்கும் ஒரு கதை சொன்னவரிடம் எங்கள் தெருக்களுக்குச் சொல்ல வாசனைதான் இருந்தது.

லெபோ பசாரை நம் ஆட்கள் கடைத்தெரு என்றுதான் சொல்லி வந்தார்கள். அடுத்து பினாங்கு தெருவில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள். ஆளுக்கொரு மரப்பெட்டி, ஒரு சிறு மேசை, அதை வைத்துக்கொண்டு கடல் கடந்து பணம் புரட்டிய இடம். தைப்பூச வெள்ளி ரதம் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் புறப்படுவதும் அந்தத் தெருவின் கோவில் வீட்டிலிருந்துதான். குயின் தெருவில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோவில். சூலியா தெருவில் நாகூர் தர்கா, அதன் சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சின்னக் கடைகள். ஒரு பக்கம் சோறும் மறு பக்கம் குழம்பும் காவடி போலத் தோளில் தொங்க, துறைமுகத் தொழிலாளர்களுக்குக் கொண்டுபோய் விற்ற தமிழ் முஸ்லிம்களிடமிருந்துதான் நாசி கண்டார் என்ற சோற்று உணவு வந்தது. இதில் ஒன்றையாவது அந்தப் பதினைந்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்.

அந்த இடைவெளியில் பெரியப்பா பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கிங் தெருவுக்குப் போனார். ஒரு கடைவீட்டு முன்னால் அஞ்சடியை (கூரையுள்ள நடைபாதையை) விட்டு இறங்கி, ரோட்டில் நின்று மேலே காட்டினார். இப்போது அது தங்கும் விடுதி. மாடி ஜன்னல் ஓரத்தில் துருப்பிடித்த ஒரு கொக்கி மட்டும் இருக்கிறது. "உங்க பாட்டி இதுலதான் கயிறு போட்டுக் கூடை இறக்குவா. கூடையில காசு இருக்கும். கீழ மீ நூடுல்ஸ் விக்கிறவன் பாத்திரத்தை வச்சு மேல அனுப்புவான். மழை பேஞ்சா குடையும் அதுலதான் எறங்கும்."

2000 வரை அந்த மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அரசாங்கம் 1997-இல் நீக்கியது. 1999 கடைசியோடு அவகாசமும் முடிந்தது. வாடகை எகிறியதும் நகரத்துக்குள் இருந்த குடும்பங்கள் கொத்துக் கொத்தாக வெளியேறின. சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாருக்கும் இதே கதைதான். பெரியப்பா பட்டர்வொர்த் பக்கத்துப் பிறை என்ற ஊருக்கு வந்தார். எட்டு வருஷம் கழித்து, 2008-இல், யுனெஸ்கோ அந்தத் தெருக்களை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஓவியங்கள் வந்தது அதற்கும் பிறகு. சுவரில் குழந்தைகள் விளையாடும் தெருக்களில் நிஜக் குழந்தைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அடுத்த முறை போகும்போது எண்ணிப் பாருங்கள். எனக்கு அது வலிக்கிறது.

பிறகு ஸ்டூவர்ட் சந்துக்கு அருகே வந்தோம். ரஷ்ய ஓவியர் ஜூலியா வோல்ச்கோவா வரைந்த இந்தியப் படகோட்டி அங்கே இருக்கிறார். பெரிய ஓவியம், நிறம் மங்கிவிட்டது. எல்லாரும் படம் எடுத்தார்கள். பெரியப்பா மட்டும் பக்கத்தில் போய் முகத்தையே பார்த்துவிட்டு, வழிகாட்டியிடம் மலாயில் கேட்டார்: "இவர் பேர் என்ன?"

அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று நேர்மையாகச் சொன்னார்.

பெரியப்பா 1963-இல், பதினேழு வயதில், தொங்கான் என்ற சரக்குப் படகில் வேலைக்குச் சேர்ந்தவர். கப்பல் நடுக்கடலில் நிற்கும். சரக்கைத் தொங்கானில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அதிகாலையில் சம்பான் என்ற சிறு படகை ஓட்டும் சம்பான்காரர்தான் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் விடுவார். "இவரு சம்பான்காரரு. இவங்க இல்லேன்னா எங்களுக்கு வேலையே இல்ல" என்று ஆரம்பித்தார். மூட்டை தூக்கும் கொக்கியை எப்படிப் பிடிப்பது, அரிசி மூட்டைக்கும் சீனி மூட்டைக்கும் முதுகு எப்படி வித்தியாசம் சொல்லும், படகின் தலைவரான தண்டல் குரல் கொடுத்தால் எத்தனை பேர் ஒன்றாகக் குனிவார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். 1969-இல் பினாங்கு தீர்வையில்லாத் துறைமுகம் என்ற தகுதியை இழந்ததையும், பட்டர்வொர்த் பக்கம் கப்பல்துறை வளர வளரத் தொங்கான்கள் கரையிலேயே கிடந்ததையும் சொன்னார். நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, எங்களோடு வந்த வெளிநாட்டுக்காரர்கள் ஃபோனைப் பையில் போட்டுவிட்டுக் கேட்டார்கள். வழிகாட்டி சின்ன நோட்டை எடுத்து எழுதினார். "அங்கிள், இதை நான் மற்றவர்களுக்குச் சொல்லலாமா?" என்று அனுமதியும் கேட்டார். அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாம் சொல்லாததை அவர் எங்கே போய்ப் படிப்பார்?

நம் ஆட்கள் பலர், "நமக்கும் நாலு ஓவியம் வரைந்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. தலைப்பாகை கட்டிய தாத்தாவையும் மல்லிகைப்பூ வைத்த அக்காவையும் பெயரில்லாமல் வரைந்து வைத்தால் அதுவும் மசாலா வாசனை மாதிரிதான் ஆகும். வெயிலுக்கும் மழைக்கும் பெயிண்ட் தாங்காது. சியூ ஜெட்டியில் படகில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் ஓவியம் எப்படி மங்கிப்போனது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் கதை வேண்டும், அதைச் சொல்ல ஆள் வேண்டும்.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளியும் வருஷத்துக்கு ஒரு தடவை ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை இந்தத் தெருக்களில் தமிழில் நடத்திக்கொண்டு போகலாம். பள்ளி முடித்துவிட்டு என்ன படிப்பது என்று யோசிக்கும் தம்பி தங்கைகளே, சுற்றுலா வழிகாட்டி உரிமம் எடுப்பதைப் பற்றியும் யோசியுங்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் பேசுகிறவர்கள் நீங்கள். சிலருக்கு ஹொக்கியன் சீன மொழியும் வரும். தமிழ்நாட்டிலிருந்து வரும் பயணிகளும் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் வீட்டில் இருக்கிறீர்கள். இந்தத் தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள். சம்பளம், செலவு எல்லாம் இருக்கிறது, தெரியும். சிரமம்தான். சிரமம் என்று விட்டால் கிங் தெரு கொக்கியைப் பற்றிச் சொல்ல பெரியப்பாவோடு கடைசி ஆளும் போய்விடுவார்.

போகிறவர்கள் காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள். பத்துக்கு மேல் வெயிலும் கூட்டமும் தாங்காது. ஆர்மீனியன் தெருவில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். திறந்த கதவுக்குள் ஃபோனை நீட்டாதீர்கள். பசியாற முன்கூட்டியே நேரம் ஒதுக்குங்கள். முக்கியமாக, வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். பெரியப்பாவுக்கு முழங்கால் வலி; நாங்கள் அஞ்சடியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் போனோம். குழுவில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

திரும்பும்போது ஃபெரியில் மகள் நோட்டை எடுத்து, "தாத்தா, உங்க தொங்கான்ல இருந்தவங்க பேரெல்லாம் சொல்லுங்க" என்று உட்கார்ந்துவிட்டாள். தண்டல் பெயரில் ஆரம்பித்து இதுவரை பதினோரு பேர் வந்திருக்கிறது. பன்னிரண்டாவது ஆளின் பெயர்தான் பெரியப்பாவுக்கு ஞாபகம் வரவில்லை. நாகப்பட்டினத்துக்காரர், இடது கைப் பழக்கம், 1968 வாக்கில் குயின் தெருவில் தங்கியிருந்தவர், வேலை முடிந்து வந்தால் அஞ்சடியில் உட்கார்ந்து மவுத்ஆர்கன் வாசிப்பாராம். உங்கள் வீட்டில் யாருக்காவது அவரைத் தெரிந்திருந்தால் எனக்கு எழுதுங்கள்.