டிராக்கிங் எண் இருந்தால் காப்புறுதியும் உண்டா?

“ஊருக்கு அனுப்பும் பார்சலுக்கு டிராக்கிங் எண் இருந்தாலே காப்புறுதி உண்டு, தொலைந்தால் முழுப் பணமும் வரும்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி நம் சிங்கப்பூர்க் குழுக்களில் சுற்றுகிறது. தவறு. டிராக்கிங் பெட்டி எங்கே போகிறது என்று காட்டும், அவ்வளவுதான்.

சரி, கூரியர்காரருக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு, ஆனால் எடைக் கணக்கில். சிங்கப்பூரும் இந்தியாவும் ஏற்றுள்ள 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, விமானச் சரக்குக்கு இழப்பீட்டு உச்சவரம்பு கிலோவுக்கு 26 எஸ்டிஆர். இது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. நம் பணத்தில் சுமார் 45 வெள்ளி. 1,200 வெள்ளிக்கு வாங்கிய கைப்பேசி பெட்டியோடு அரைக் கிலோ என்றால் இருபத்துச் சொச்சம் வெள்ளிதான் தேறும். அதே எடையுள்ள பட்டுப்புடவைக்கும் அதே கணக்குதான். தபாலில் போனால் இந்த உடன்படிக்கையே பொருந்தாது. அதற்கு விதிகள் வேறு.

முழு மதிப்பும் வேண்டுமென்றால் அனுப்பும்போதே தனியாகக் காப்புறுதி எடுக்க வேண்டும். சுங்கப் படிவத்தில் விலை எழுதுவது காப்புறுதி ஆகாது. வரிக்குப் பயந்து “அன்பளிப்பு, 20 வெள்ளி” என்று எழுதிவிட்டு, அப்புறம் 1,200 கேட்டால் எவர் கொடுப்பார்? நகை, ரொக்கம், சரியாகக் கட்டாத கண்ணாடிச் சாமான் ஆகியவற்றைப் பல காப்புறுதித் திட்டங்கள் சேர்ப்பதே இல்லை. பணம் கட்டும் முன் அந்த விலக்குப் பட்டியலைப் படியுங்கள், ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

விமானச் சரக்கு நசுங்கி வந்தால், பெற்ற 14 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஊரில் பெட்டியைப் பிரிப்பவரிடம் இதை முன்பே சொல்லிவையுங்கள்.