கர்மா என்று சொல்லிச் சிரிப்பவர்கள்

ஒரு நடிகையின் விவாகரத்து, ஒரு யூடியூபரின் கைது, நஷ்டத்தில் கடையை மூடிய ஒரு தொழிலதிபர். எந்தச் செய்தியைத் திறந்தாலும் சிரிப்பு எமோஜிதான் முன்னால் நிற்கிறது. கீழே "கர்மா", "நல்லா வேணும்", "என்னா ஆட்டம் ஆடுச்சு". இதை நியாய உணர்ச்சி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஊரை ஏமாற்றியவன் மாட்டினால் மனசு குளிரத்தான் செய்யும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நடிகை இவர்களுக்கு என்ன அநியாயம் செய்தார்? நன்றாகச் சம்பாதித்தார், சந்தோஷமாகப் போட்டோ போட்டார், அவ்வளவுதானே? வயிற்றெரிச்சல் என்று ஒத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்? கர்மா என்றால் கௌரவமாக இருக்கிறது.

2009-ல் ஜப்பானில் ஹிதேஹிகோ தகாஹாஷியும் அவர் குழுவினரும் 19 பேரின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வு 'சயின்ஸ்' இதழில் வந்தது. தமக்கு முக்கியமான விஷயத்தில் தம்மைவிட உயர்ந்து நிற்பவரைப் பற்றிப் படித்தபோது, வலியோடு தொடர்புள்ள பகுதி தூண்டப்பட்டது. அதே ஆளுக்குக் கெட்டது நடந்ததாகப் படித்தபோது, பரிசு கிடைத்தால் மகிழும் பகுதி தூண்டப்பட்டது. முதலில் யாருக்கு அதிகம் வலித்ததோ, அவருக்கே பிறகு அதிகம் இனித்தது. அதனால்தான் எங்கோ இருக்கும் கோடீஸ்வரனின் நஷ்டத்தைவிட, சொந்தக்காரர் மகன் நீட்டில் கோட்டை விட்டது சிலருக்கு அதிகம் இனிக்கிறது. வாய் என்னவோ "பாவம்" என்றுதான் சொல்லும்.

சரி, தனி ஆளின் பொறாமை பெரும்பாலும் அவர் மனசோடு போய்விடும். கூட்டமாகச் சேர்ந்து சிரிப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அமெரிக்காவில் ரெட் சாக்ஸ், யாங்கீஸ் என்ற பரம எதிரி பேஸ்பால் அணிகளின் ரசிகர்களை மினா சிகாராவும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்தார்கள். 2011-ல் வெளியானது. எதிரி அணி சம்பந்தமே இல்லாத மூன்றாவது அணியிடம் சறுக்கினாலும் இவர்களுக்கு இன்பம். அந்த இன்பம் மூளையில் எவ்வளவு பலமாகத் தெரிந்ததோ, அந்த அளவுக்கு எதிரணி ரசிகரைத் தாங்கள் திட்டவோ தாக்கவோ கூடும் என்று அந்த ரசிகர்களே சொல்லியிருந்தார்கள்.

இது நமக்குத் தெரியாத கதையா? ஐபிஎல் கிரிக்கெட்டில் பெங்களூரு அணியான ஆர்சிபி 18-வது சீசனில்தான் கோப்பையை வென்றது. அதுவரை "ஈ சாலா கப் நம்தே" (இந்த வருஷம் கப் நமதே) என்ற அவர்கள் ரசிகர்களின் கோஷத்தையே சொல்லி ஓட்டினோம், அது விளையாட்டுதான். கோப்பையை வென்ற மறுநாள், 2025 ஜூன் 4, பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் செத்துப்போனார்கள். கொண்டாட வந்தவர்கள். அந்தச் செய்தியின் கீழும் சிரிப்பு எமோஜியைப் பார்த்தேன். போட்டவர்களுக்கு அங்கே செத்தவர்கள் மனிதர்களாகத் தெரியவில்லை, வேற டீம் ஜெர்சியாகத் தெரிந்திருக்கிறார்கள். இதற்கு "ஃபேன் வார்ப்பா, விடு" என்று சமாதானம் சொன்னவர்கள் மீது எனக்கு இன்னமும் கோபம் இருக்கிறது.

எமோஜி போடும் ஒவ்வொரு பையனையும் தேடிப்பிடித்துத் திருத்த முடியாது. லட்சக்கணக்கானவர்கள் தொடரும் ரசிகர் பக்கங்களை நடத்துபவர்களிடம்தான் கேட்கிறேன். தோல்வியை எவ்வளவு வேண்டுமானாலும் கலாய்த்துக்கொள்ளுங்கள். யாராவது செத்தாலோ அடிபட்டாலோ அதை வைத்து மீம் போடாதீர்கள், அப்படி வரும் கமெண்டுகளை அன்றைக்கே நீக்குங்கள். உங்கள் சொல்லைக் கேட்கிற கூட்டம்தான் அது.