30 எப்படி 300 ஆச்சு?

நேத்து போட்ட ரெண்டு படத்தையும் பார்த்திருப்பீங்க. ஒண்ணு, ஒக்கி புயல் அடிச்சு ஓய்ஞ்ச சமயத்துல கரண்ட் ஆபத்து பத்தி நான் முகநூல்ல எழுதின பதிவு. இன்னொண்ணு, அதே மாதிரி வரிகள் என் பேர் இல்லாம, வேற ஒருத்தர் பேருல அச்சாகியிருக்கிற புத்தகத்துப் பக்கம். "கரண்ட் எல்லாருக்கும் ஒண்ணுதானே அண்ணே, எழுதினா ஒரே மாதிரிதான் இருக்கும்"னு ஒரு தம்பி கமெண்ட் போட்டிருக்கான். சரிப்பா, கரண்ட் ஒண்ணுதான். ஜெனரேட்டர் வயர் போற வழியில ரப்பர் ஷீட் காயப்போடுற கம்பி, அதுல வயர் உரசி தோல் உரிஞ்ச இடம், பக்கத்துல அடுக்களை சாக்கெட்... இந்த வரிசையும் எல்லாருக்கும் ஒண்ணா? புத்தகம் எழுதினவரு ஊர்ல ரப்பர் மரம் கண்ணுல பார்க்கக் கிடைக்காது. சந்தேகம்னுதான் சொல்லுகேன். திருட்டுன்னு சொல்லல. நல்லா கவனிங்க, சொல்லல.

புதுசா வந்தவங்களுக்கு: 2017 நவம்பர் 30, ஒக்கி அடிச்சு நம்ம கன்னியாகுமரி மாவட்டம் முழுக்க மரமும் போஸ்ட்டும் சாஞ்சு கிடந்துச்சு. வெளி மாவட்டத்துல இருந்தெல்லாம் லைன்மேன்கள் வந்து வேலை பார்த்தாங்க. திருவட்டார் பக்கம் ஒரு வீட்டுல, ரெண்டு முனையிலயும் பிளக் வச்ச வயரால ஜெனரேட்டரை நேரே சாக்கெட்ல சொருகி வச்சிருந்தாரு வீட்டுக்காரர். மெயினை அணைக்கல. தெருமுக்குல போஸ்ட் மேல ஒரு ஆள். நான் வயரைப் பிடுங்கினேன். "என் வீடு, என் மெசினு, நீ யாருவே?"ன்னு அடிக்க வந்துட்டாரு. 230 வோல்ட் வீட்டுல இருந்து பின்னால போனா டிரான்ஸ்பார்மர் அதை 11,000 ஆக்கி லைன்ல ஏத்திரும், சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (லைன் இல்லன்னா ஜெனரேட்டர், ரெண்டுல ஒண்ணை மட்டும் வீட்டோட சேர்க்கிற சுவிட்ச்) இல்லாம ஜெனரேட்டரைத் தொடாதீங்கன்னு சொல்லிப் புரிய வைக்க வாய் வலிச்சுப்போச்சு. மார்த்தாண்டத்துல ஒரு கடையில போனுக்கு சார்ஜ் ஏத்திட்டு வந்து, அன்னைக்கு ராத்திரியே எழுதின பதிவு அது.

அதைத்தான் இப்போ பைண்டிங் போட்டு விக்காங்க.

"உயிர் காக்கிற விஷயம், யார் சொன்னா என்ன? நாலு பேருக்குப் போகட்டுமே"ன்னு பெரியவங்க சிலர் சொல்லுதீங்க. போகட்டும். ஆனா ஒழுங்காப் போகட்டும். கரண்ட் கசிஞ்சா தானா விழுந்து லைனை அணைக்கிற ஆர்சிசிபி சுவிட்ச் வாங்கினா 30 மில்லி ஆம்பியர் பார்த்து வாங்குங்கன்னு நான் எழுதினேன். புத்தகத்துல 300. கடையில 300-உம் கிடைக்கும், ஆனா அது தீப்பிடிக்காம இருக்க வைக்கிறது, ஆளைக் காப்பாத்த இல்ல. மனுச உடம்போட மின்தடை சுமாரா ஆயிரம் ஓம்னு வச்சுக்கிடுங்க, 230 வோல்ட்ல 230 மில்லி ஆம்பியர் போகும். 30 உடனே விழுந்திரும். 300 விழணும்னு ஒரு கட்டாயமும் இல்ல. என் பேரைப் போட்டு ஒரு போன் அடிச்சிருந்தா அந்த சைபரை நானே எடுத்து விட்டிருப்பேனே! பேரை மறைக்கணும்னா கேக்க முடியாது. கேக்காததால தப்பு. இதைத்தான் நேத்துல இருந்து கத்திட்டிருக்கேன்.

"30 என்ன நீ கண்டுபிடிச்சதா?" இல்ல சாமி, இல்ல. 1957-ஆம் வருசத்துக் பதிப்புரிமைச் சட்டமும் கருத்துக்குப் பாதுகாப்பு தரல, எழுதின விதத்துக்குத்தான் தருது. பதிவு பண்ணணும்னு அவசியமும் இல்ல. முகநூல்ல சும்மா படிக்கக் கிடைச்சா சும்மா அச்சடிக்கலாம்னு அதுல எந்தப் பிரிவும் இல்ல. "நீயும் கம்பெனி கேட்டலாக் பார்த்துத்தானே எழுதின"ன்னு கேட்டவருக்குப் பதில் கிடையாது.

பதிப்பகத்துக்குப் பேசினேன். "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"ன்னுதான் முதல் கேள்வி. வயர்மேன் லைசென்ஸ்னு சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "ஆசிரியர் இன்ஜினியர் சார், அவருக்குத் தெரியாததா"ன்னாங்க. தெரிஞ்சிருந்தா 300 எப்படி வந்துச்சு? மச்சுல ஏறி எலி கடிச்ச வயரைத் தேடுறவன் எழுதினா அது வெறும் போஸ்ட்டு. சட்டை மடிப்புக் கலையாதவர் எழுதினா நூலு, அதுக்கு வெளியீட்டு விழா, பொன்னாடை. எங்கூட வேலை பார்க்கிற பையனே அந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி, "அண்ணே, இதுல நல்லா போட்டிருக்கு பாருங்க"ன்னு என்கிட்டயே நீட்டுனான். அவனை என்ன சொல்ல?

நஷ்ட ஈடும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். வேண்டாம்னு சொன்னதும் "பெருந்தன்மை"ன்னு யாரும் ஹார்ட்டின் விடாதீங்க, எரிச்சலா இருக்கு. புத்தகம் கையில வச்சிருக்கவங்க பேனாவை எடுத்து அந்தக் கடைசி சைபரை அடிச்சுக்கிடுங்க. கருங்கல்ல ஒரு வீட்டுக்கு எர்த் போடப் போறேன், மத்தவங்களுக்குப் பதில் ராத்திரிதான்.