கடைசி ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகளிடமே விடுங்கள்

முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த மறுநாளே பொறியியல் கல்லூரிகளில் ஒரு வேலை தொடங்கிவிடும். யாருக்கு எத்தனை அரியர், அதாவது தேறாத பேப்பர், என்று பட்டியல் எடுப்பார்கள். வீட்டுக்குப் போன் போகும். அப்பாவோ அம்மாவோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, ஹெச்ஓடி (துறைத் தலைவர்) அறை வாசலில் காத்திருந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அப்புறம் அந்தப் பிள்ளைக்கு மாலையில் ஸ்பெஷல் கிளாஸ். தாம்பரம் தாண்டியிருக்கும் கல்லூரிகளில் பல வருடமாக முதலாண்டுக் கணிதம் எடுக்கிறேன். பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: மாணவர்களின் மன அழுத்தம் பற்றிப் பேசுகிற எல்லோரும் முதலில் அவர்களுடைய டைம்டேபிளைப் பார்க்க வேண்டும். மூச்சு விட இடம் வைக்காமல் அடைத்து வைத்திருக்கிறோம்.

திருவொற்றியூரிலோ ஆவடியிலோ வீடு என்று வையுங்கள். காலை ஆறு மணிக்கெல்லாம் காலேஜ் பஸ்ஸுக்கு ரோட்டில் நிற்க வேண்டும். நாள் முழுக்க வகுப்பு, லேப். மாலையில் பஸ் ஏறினால் வீடு சேர ஏழரை ஆகும். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். அதற்குப் பிறகு லேப் ரெக்கார்டைக் கையால் எழுத வேண்டும், அசைன்மென்ட் முடிக்க வேண்டும். ஹாஸ்டல் பிள்ளைக்கு அவ்வளவு பயணம் இல்லை, ஆனால் ஸ்டடி ஹவர், இரவு அட்டெண்டன்ஸ், அவுட்பாஸ் என்று அங்கேயும் எல்லாம் கணக்குதான். பதினெட்டு வயதில் புது இடத்துக்கு வந்தவர்கள் இந்த நாளுக்குள் எப்போது ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்வார்கள்?

இதில் அதிகம் அடிபடுவது தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள். 2021-இல் பொறியியலுக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதில் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொண்டது. எத்தனையோ வீடுகளில் முதல் தலைமுறையாக ஒரு பிள்ளை இன்ஜினியரிங் வாசலை மிதித்திருக்கிறது என்றால் அதற்கு இது பெரிய காரணம். வகுப்புக்குள் நடப்பது வேறு. ப்ளஸ் டூவில் தமிழில் அழகாகப் போட்ட அதே கணக்கை ஆங்கிலத்தில் கேட்டதும் பேனா நின்றுவிடும். பக்கத்து பெஞ்சில் இருப்பவன் பைத்தான் புரோகிராமிங்கை எட்டாம் வகுப்பிலேயே பார்த்திருப்பான்; இவனுக்கு மவுஸ் பிடிப்பதே புதிது. சந்தேகம் கேட்க வாய் வராது. ‘நமக்குத்தான் மூளை இல்லை’ என்று முடிவு கட்டிவிடுவான். அந்த முடிவு அக்டோபருக்குள் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நான் போர்டில் எதைப் போட்டாலும் அவன் காப்பி எடுப்பான், அவ்வளவுதான்.

அவர்களை மீட்பது யார் என்று கவனித்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரு சீனியர். போன வருடம் ஒரு மாலை, ஹாஸ்டலுக்குப் போகும் பஸ் கிளம்பக் காத்திருந்த நேரத்தில், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு முதலாண்டுப் பெண்ணுக்கு மூன்றாமாண்டு அக்கா ஒருத்தி மேட்ரிக்ஸ் பாடத்தில் வரும் கேலி-ஹாமில்டன் தேற்றம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பஸ் படியில் உட்கார்ந்து, மடியில் ரஃப் நோட். “லாம்டா இருக்கற இடத்துல எல்லாம் ஏ-வைப் போடு. கடைசியில தனியா ஒரு நம்பர் நிக்குதுல்ல, அத அப்படியே விட்டுடாத, ஐ-யால பெருக்கிக்கோ. மேட்ரிக்ஸோட வெறும் நம்பரைக் கூட்ட முடியாதுல்ல?” சின்னவள் பெருக்கிப் பார்த்தாள். எல்லா இடத்திலும் சைபர் வந்தது. “அய்யோ, வந்துடுச்சுக்கா!” என்றாள். அந்தக் குரலை என் வகுப்பில் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு பேச்சு எங்கெங்கோ போனது. மெஸ்ஸில் எந்தக் கிழமை சாப்பாடு தேறும், எந்த லேபில் வைவா சுலபம். கடைசியில் சின்னவள் குரலைத் தாழ்த்தி, ராத்திரியானால் வீட்டு ஞாபகம் தாங்க முடியவில்லை என்றாள். “எனக்கும் அப்படித்தான்டி இருந்துச்சு. தீபாவளிக்கு ஊருக்குப் போயிட்டு வா, கொஞ்சம் தேவலாம்னு இருக்கும். அதுவரைக்கும் ராத்திரி என் ரூமுக்கு வா” என்றாள் பெரியவள்.

பஸ் கொஞ்சம் தாமதமானதால் கிடைத்த நேரம் அது. எந்த டைம்டேபிளிலும் அதற்கு இடம் இல்லை.

சீனியரையும் ஜூனியரையும் பேசவிட்டால் ராகிங் வரும் என்று நிர்வாகங்கள் பயப்படுகின்றன. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 1996-இல் ராகிங்கில் ஒரு மருத்துவ மாணவர் கொலை செய்யப்பட்டதைத் தமிழ்நாடு மறக்க முடியாது; அடுத்த வருடமே இங்கே ராகிங் தடைச் சட்டம் வந்தது. நானும் ஒரு தாய்தான், அந்தச் சட்டம் கடுமையாகவே இருக்கட்டும். ஆனால் பிளாக்கைப் பிரித்து, சாப்பாட்டு நேரத்தைப் பிரித்து, வாய் பேசவே வழியில்லாமல் வைத்தால் நல்ல அக்காவும் நல்ல அண்ணனும்கூடக் கிடைக்காமல் போகிறார்கள். மரத்தடியில், லைப்ரரியில், நாலு ஆசிரியர் நடமாடும் இடத்தில் சேர்ந்து உட்காரவிடலாமே.

கவுன்சலர் விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர்களின் மனநலம் குறித்து வழிகாட்டு நெறிமுறைகள் கொடுத்தது. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ இருக்கும் கல்வி நிறுவனத்தில் தகுதி பெற்ற ஒரு கவுன்சலரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ இருக்க வேண்டும், உதவி எண்களைக் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும், எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல உத்தரவு. ஆனால் அந்த அறையை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். ஹெச்ஓடி அறைக்குப் பக்கத்தில் வைத்தால் எந்தப் பிள்ளையும் அந்தக் கதவைத் தட்டாது. உள்ளே பேசியது கிளாஸ் அட்வைசர் காதுக்குப் போகும் என்று ஒரே ஒரு பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் போதும், மொத்த பேட்சும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது.

நண்பர்கள் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒரு பிள்ளை நாள்கணக்கில் தூங்காமல் இருந்தால், மெஸ்ஸுக்குப் போவதை நிறுத்தினால், வீட்டுப் போனை எடுக்காமலே இருந்தால், தனக்குப் பிடித்த பொருளையெல்லாம் யாருக்காவது கொடுக்க ஆரம்பித்தால், தாமதிக்காமல் ஆள் வேண்டும். 14416 ‘டெலி-மானஸ்’ மனநல உதவிக்கான இலவச எண், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் 1986-லிருந்து ‘ஸ்நேகா’ அமைப்பு இதே வேலையைச் செய்கிறது. ரூம்மேட்டின் போனில் 14416 இருக்கட்டும். முதலில் கவனிப்பது ரூம்மேட்தான்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இரவு போன் செய்யும்போது “பக்கத்து வீட்டுப் பையன் எவ்ளோ எடுத்தான் தெரியுமா” என்று தொடங்காதீர்கள். முதல் செமஸ்டரில் விழுந்த பேப்பரை அடுத்த தேர்விலேயே எழுதி முடித்துவிடலாம், எழுதியும் இருக்கிறார்கள். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் சில கம்பெனிகள் அரியரே இருந்திருக்கக் கூடாது என்று கேட்பது உண்மை. அந்தப் பயம் அவர்களிடம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது, நீங்களும் சேர்க்க வேண்டாம்.

நான் கேட்பது சின்ன விஷயம். வாரத்தில் இரண்டு நாள் கடைசி ஒரு மணி நேரத்தை முதலாண்டுக்கு விட்டுவிடுங்கள். அட்டெண்டன்ஸ் வேண்டாம், கிரவுண்டும் லைப்ரரியும் திறந்திருக்கட்டும், சீனியர்களும் வரட்டும். சனிக்கிழமை விடுமுறையைப் பிடுங்கி ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட் செமினார் வைப்பதை நிறுத்துங்கள். “போனைத்தான் நோண்டுவாங்க மேடம்” என்று ஸ்டாஃப் ரூமில் சொல்கிறார்கள். சிலர் நோண்டத்தான் செய்வார்கள், நோண்டட்டும். இரண்டாவது வாரத்தில் யாராவது ஒருவன் பந்தோடு வருவான், யாராவது ஒருத்தி ரஃப் நோட்டோடு வருவாள்.

அடுத்த செமஸ்டர் டைம்டேபிள் போடும் கூட்டத்தில் இதை எழுதியே கொடுக்கப்போகிறேன். உங்கள் கல்லூரியில் ஏற்கெனவே இப்படி விட்டிருந்தால், எந்த நேரத்தில் விட்டீர்கள், பஸ்ஸுக்கு என்ன செய்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். நடந்த இடத்தைக் காட்டிக் கேட்டால் மறுப்பது நிர்வாகத்துக்குக் கொஞ்சம் கஷ்டம்.