கருப்பட்டி வாசம் வீசிய பெல்ஜியம் பீர்

பீர் என்றதும் எங்கள் கடற்கரையில் முதலில் எழும் கேள்வி, "ஏறுமா?" என்பதுதான். எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. இது எனக்கு நெடுநாள் வருத்தம்.

கப்பலில் வேலை பார்க்கும் மச்சான் ஆன்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து ரோஷ்ஃபோர் 10 என்ற பீரில் இரண்டு பாட்டில் கொண்டுவந்திருந்தார். பெல்ஜியத்தில் டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடம் ஒன்றுக்குள் தயாராகும் பீர் அது. பெயரில் உள்ள 10, ஆல்கஹால் அளவல்ல. நொதிக்கும் முன் சாறு எவ்வளவு அடர்த்தி என்பதைக் குறித்த பழைய பெல்ஜிய அளவை. ஆல்கஹால் 11.3 சதவீதம். பாட்டில் 330 மில்லிதான். ஆனாலும் 650 மில்லி சாதாரண பீரில் இருப்பதைவிட ஆல்கஹால் இதில் கூடுதல். ஆகவே சாயல்குடிப் பக்கம் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் மூன்று பேராக ஒரே பாட்டிலைப் பகிர்ந்துகொண்டோம். குடித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

ஐஸ் போலக் குளிர்ந்திருந்தால் இதன் வாசம் எழாது. 12 முதல் 14 டிகிரி போதும். எங்கள் வெயிலுக்குச் சற்று நேரம் வெளியே வைத்தாலே அந்தப் பதம் வந்துவிடுகிறது. பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதிப்பதால் அடியில் ஈஸ்ட் வண்டல் தங்கியிருக்கும். ஆட்டாமல், வாய் அகன்ற கண்ணாடிக் கோப்பையில் சாய்த்து ஊற்றினோம்.

முதல் மடக்கில் உலர்திராட்சையும் அத்திப்பழமும் தெரிந்தன. நாக்கில் சற்று நிறுத்தியபோது கிராம்பும் மிளகும் வந்தன. இந்தக் கார வாசத்தில் பெரும்பங்கு பெல்ஜிய ஈஸ்ட் நொதிக்கும்போது உண்டாக்குவது. விழுங்கிய பிறகு நெஞ்சுவரை மெல்லிய சூடு இறங்கியது. இனிப்பு இருந்தும் திகட்டவில்லை.

நாற்பது வருடம் பனையேறிய பெரியப்பா கோப்பையை முகர்ந்துவிட்டு, "பாகு பதம் தாண்டும்போது வரும் வாசமப்பா இது. கருப்பட்டி போட்டிருக்கிறார்களா?" என்றார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. அடர்நிற பெல்ஜிய பீர்களில் காய்ச்சிக் கறுக்கவைத்த சர்க்கரைப்பாகு சேர்ப்பது வழக்கம். அந்தச் சர்க்கரை பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்து வருகிறது, நம்முடையது பனையிலிருந்து வருகிறது. அடுப்பில் நடக்கும் வேலை ஒன்றுதான். எந்தச் சுவை நிபுணரிடமும் பாடம் கேட்காத நாக்கு, ஒரே முகர்தலில் அதைப் பிடித்துவிட்டது.

பெல்ஜியத்தில் 1919ஆம் ஆண்டு மதுக்கூடங்களில் சாராய வகைகளை ஊற்றிக்கொடுப்பதற்குத் தடை வந்தது. அடர்த்தியான பீர்கள் அங்கே வளர்ந்ததற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம் என்பார்கள். தமிழ்நாட்டில் நடந்தது நேர்மாறு. 1987 முதல் கள்ளுக்குத் தடை, 42.8 சதவீத பிராந்தியும் ரம்மும் அரசுக் கடையிலேயே கிடைக்கின்றன. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாமல் விட்டால் காற்றிலும் பாளையிலும் உள்ள ஈஸ்ட் அதைக் கள்ளாக்கிவிடும். அன்றைக்கு இறக்கிய கள்ளில் ஏறத்தாழ சாதாரண பீர் அளவு போதைதான். அது குற்றம், கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் கவிழ்க்கும் குவார்ட்டர் குற்றமில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. புளிப்பும் இனிப்பும் மணமுமாக ஒரு பானத்தை அறிந்திருந்த ஊர், "ஏறுமா?" என்ற ஒற்றைக் கேள்விக்கு வந்து சேர்ந்ததற்கு இந்தச் சட்டத்துக்கும் பொறுப்பு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

மீதமுள்ள பாட்டில், பெரியப்பா கருப்பட்டி அடுக்கிவைக்கும் இருட்டறையில் நிமிர்ந்து நிற்கிறது. இந்த வகை பீர் சில வருடம் வைத்திருந்தாலும் கெடாமல் முதிரும். மாசியில் பாளை சீவத் தொடங்கி, முதல் பதநீர் காய்ச்சும் அன்று திறக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். கீழக்கரைக்குப் போய்த் தொதல் வாங்கிவருவது என் பொறுப்பு. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கிண்டிய அந்த இனிப்புதான் இதற்குச் சரியான துணை.