கையை எப்போது எடுப்பது?

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு எதைக் கற்றுக்கொடுப்பது என்று பெற்றோரும் பள்ளியும் நிறையப் பேசுகிறோம். கொடுக்கிற உதவியை எப்போது, எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வது என்று பேசுவது குறைவு. பதினெட்டு வயதில் "எல்லாம் செய்வான், பக்கத்துல ஒரு ஆள் நின்னா போதும்" என்று சொல்லப்படுகிற பிள்ளைகள் இத்தனை பேர் இருப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம். அந்த ஆள் நிற்கிற வரை வேலை கிடைப்பது கடினம், கிடைத்தாலும் நிலைக்காது.

கை கழுவுவதை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது ஒரே காரியம். பிள்ளைக்கு அது பதின்மூன்று. குழாயைத் திற, கையை நனை, சோப்பை எடு, கைக்குள் உருட்டு, சோப்பைத் திரும்ப வை, உள்ளங்கையைத் தேய், புறங்கையைத் தேய், விரலிடுக்கைத் தேய், அலசு, குழாயை மூடு, துண்டை எடு, துடை, துண்டை மாட்டு. சிறப்பாசிரியர்கள் இதைப் பணிப் பகுப்பாய்வு என்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்து யோசித்து எழுதினால் இரண்டு படியாவது விட்டுப்போகும். குழாயடியில் நின்று, நீங்களே செய்துகொண்டே எழுத வேண்டும்.

எழுதியதும் கற்றுக்கொடுக்க ஆரம்பிக்காதீர்கள். மூன்று நாள் சும்மா பாருங்கள். உதவியில்லாமல் செய்த படிக்கு ஒரு குறி, செய்யாததற்கு ஒரு குறி. பெரும்பாலும் நான்கைந்து படிகளில்தான் பிள்ளை நிற்கும், மற்றதெல்லாம் ஏற்கெனவே வரும். இது தெரியாமல் பதின்மூன்றையும் தினமும் கைபிடித்துச் செய்யவைத்தால், தெரிந்த ஒன்பது படிகளுக்கும் சேர்த்து நம்மை எதிர்பார்க்கப் பழக்கிவிடுகிறோம். சில படிகளில் பிள்ளையைவிடப் பொருளை மாற்றுவது சுலபம். சோப்பு வழுக்குகிறதா, அழுத்தினால் வருகிற பாட்டில் சோப்பு வையுங்கள். மூன்று படி ஒன்றாகிவிடும். குழாய் திருகுகிற வகையாக இருந்தால் நெம்புகோல் பிடி போட்டுப் பாருங்கள்.

இப்போது கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். பிள்ளை குழாயை மூடுகிறது. மூடிவிட்டுத் தலையைத் தூக்கி உங்கள் முகத்தைப் பார்க்கிறது. நீங்கள் "ம்..." என்கிறீர்கள். உடனே துண்டை எடுக்கிறது. உங்களுக்கு நிம்மதி, பிள்ளைக்குத் தெரிந்துவிட்டதே என்று. ஆனால் அந்தப் பிள்ளைக்குத் துண்டை எடுக்கச் சொல்லும் அறிகுறி, மூடிய குழாய் கிடையாது. உங்கள் "ம்". நீங்கள் இல்லாத நாளில் ஈரக் கையோடு அப்படியே நிற்கும். பார்க்கிறவர்கள் "மறந்துட்டான்" என்பார்கள். அவன் எதையும் மறக்கவில்லை. வர வேண்டிய பதினான்காவது படி வரவில்லை, அதற்காகக் காத்திருக்கிறான்.

வாயால் கொடுக்கிற பிராம்ப்ட், அதாவது அடுத்த படியைச் செய்யத் தூண்டும் உதவிக் குறிப்பு, கொடுக்க எளிது, எடுக்கக் கடினம். தொட்டு உதவினால் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு, அங்கிருந்து தோளுக்கு, பிறகு தொடாமல் நிழல்போலக் கூடவே என்று இறங்கலாம். படம் ஒட்டினால் அதைச் சின்னதாக்கலாம், இல்லையென்றால் அங்கேயே நிரந்தரமாக இருந்துவிட்டும் போகலாம், நாமும் காலண்டர் பார்த்துத்தானே வாழ்கிறோம். குரலைப் பாதியாக்குவது சிரமம். அதனால் உடம்பால் செய்கிற வேலைகளைப் பின்னால் நின்று, வாயை மூடிக்கொண்டு கற்றுக்கொடுங்கள். முன்னால் நின்றால் முகம் பார்க்கும் பழக்கம் வந்துவிடும்.

பிறகு நேரம். முதல் இரண்டு மூன்று தடவை காத்திருக்காமல் உடனே உதவுங்கள், தவறாகப் பழகாமல் இருக்க. அதன்பின் ஒவ்வொரு படிக்கும் ஐந்து விநாடி மனசுக்குள் எண்ணிக்கொண்டு காத்திருங்கள். ஐந்து விநாடி அந்த இடத்தில் ரொம்ப நீளம். இரண்டாவது விநாடியிலேயே கை நீண்டுவிடும், அன்பினால்தான். ஆனால் இரண்டு விநாடியில் உதவி வரும் என்று தெரிந்த பிள்ளை மூன்றாவது விநாடியில் எதற்கு முயற்சி செய்யப் போகிறது? ஒருமுறை சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதே கெடுதலைத்தான் செய்யும். நாலாவது தடவை சொல்லும்போது எழுந்தால் போதும் என்று கற்றுக்கொள்கிறார்கள்.

சட்டை, பேன்ட், காலணி மாதிரி வேலைகளுக்குக் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிப் போவது நன்றாக வரும். பேன்ட்டை முழங்கால்வரை நீங்கள் ஏற்றிவிடுங்கள், இடுப்புக்கு இழுப்பது மட்டும் பிள்ளையின் வேலை. அது தானாக வந்ததும் கணுக்கால்வரை மட்டும் நீங்கள். ஒவ்வொரு நாளும் முடித்தது யாரென்றால் பிள்ளைதான். அந்த முடித்த மகிழ்ச்சிக்குத் தனியாக மிட்டாய் தேவையில்லை.

எதைக் கற்றுக்கொடுப்பது என்பதற்கு விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் லூ பிரவுன் எளிமையான உரைகல் ஒன்று வைத்திருந்தார்: இதை இந்தப் பிள்ளை செய்யாவிட்டால் வேறொருவர் இவருக்காகச் செய்ய வேண்டியிருக்குமா? துணி மடிக்காவிட்டால் யாராவது மடித்தாக வேண்டும். வண்ண வளையங்களைக் கம்பியில் கோக்காவிட்டால் யாரும் வந்து கோக்கப் போவதில்லை. பதினாறு, பதினேழு வயதில் இன்னமும் வளையமும் மணியும் வைத்துப் பொழுதைப் போக்கும் வகுப்பறைகள் இருக்கின்றன. "மனவயது ஐந்துதானே" என்கிறார்கள். அவருக்குப் பதினேழு வயது உடம்பு, பதினேழு வருட அனுபவம், மூன்று நான்கு ஆண்டில் முடியப்போகும் பள்ளிக்காலம். கூட்டல் கணக்கில் வருடக்கணக்காக நிற்க வேண்டாம். விலை எட்டு சொச்சம் என்றால் ஒன்பதைக் கொடு, மீதியை வாங்கிக்கொள் என்று 'அடுத்த முழு எண்' முறையில் பழக்கினால் கடைக்குப் போகலாம். மணி பார்க்க வராவிட்டால் போனில் அலாரம்.

வேலைக்கு வருவோம். 1970-களில் மார்க் கோல்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர், மிதமான, கடுமையான அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கு 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கை ஒன்றுசேர்க்கக் கற்றுக்கொடுத்துக் காட்டினார். குறைபாடுள்ளவர்களுக்கென்றே தனியாக நடத்தப்படும் பாதுகாக்கப்பட்ட பட்டறைகளில் எளிய வேலைக்கு மேல் ஒன்றும் ஆகாது என்று ஒதுக்கப்பட்டவர்கள் அவர்கள். பாகத்தின் எந்தப் பக்கம் தெரிய வேண்டும் என்பதற்கு வண்ணம் பூசி அடையாளம் கொடுத்தார், பேச்சைக் குறைத்தார். கற்கவில்லை என்றால் கற்பிக்கும் முறையை மாற்று என்பது அவர் பிடித்துக்கொண்ட கொள்கை.

இதையே சின்ன அளவில் எந்தப் பட்டறையிலும் செய்யலாம். பொட்டலத்துக்குப் பத்துத் திருகு என்றால் எண்ணத் தெரிய வேண்டியதில்லை. ஒரு பலகையில் பத்துக் குழி போடுங்கள். குழிக்கு ஒன்று, எல்லாம் நிரம்பினால் புனல் வழியே பையில் கொட்டு. இதற்குப் பெயர் ஜிக். என்னென்ன தவறும் என்று முன்கூட்டியே தெரியும். குழி ஆழமாக இருந்தால் ஒரே குழியில் இரண்டு போகும், ஒன்று மட்டும் பிடிக்கும் அளவுக்குக் குறைக்க வேண்டும். கொட்டும்போது ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றால் அடுத்த பையில் ஒன்று குறையும், பலகையைக் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டுவதையும் ஒரு படியாகவே எழுதிவிடுங்கள். முதலில் சரியாகச் செய்வது, அது நிலைத்தபின்தான் வேகம். ஆரம்பத்திலேயே "சீக்கிரம்" என்றால் தவறு வேகமாகப் பழகிவிடும்.

திருகு தீர்ந்துபோனால்? பலர் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள், மேற்பார்வையாளர் சோம்பல் என்று நினைப்பார். இதற்கான பாடத்தை நாமே உருவாக்க வேண்டும். வேண்டுமென்றே பெட்டியில் பாதி திருகு வையுங்கள். ஒரு நாள் பையே வைக்காதீர்கள். கை தூக்குவதோ, "தீர்ந்துபோச்சு" என்று சொல்வதோ, ஒரு அட்டையை நீட்டுவதோ அவரால் முடிந்த வழியில் வரட்டும். பேச்சு வராதவருக்கு அட்டையே போதும்.

வேலை போவது பெரும்பாலும் கைவேலை தெரியாததால் நடப்பதில்லை. இடைவேளை முடிந்தும் திரும்பாதது, தெரியாதவரைக் கட்டிப்பிடிப்பது, கழிப்பறைக் கதவைத் தாழிடாதது, வியர்வை நாற்றம், திருத்தினால் அழுவது. இவை எல்லாம் பத்து வயதிலிருந்தே வீட்டில் பழக வேண்டியவை. கட்டிப்பிடித்தலை ஆறு வயதில் ரசித்துவிட்டு இருபதில் தண்டிப்பது அநியாயம். கைகுலுக்கலோ வணக்கமோ சின்ன வயதிலேயே பழகட்டும். நின்று வேலை செய்யும் தெம்பும் தானாக வராது: இருபது நிமிடத்தில் ஆரம்பித்து, வாரத்துக்குப் பத்து நிமிடம் கூட்டிக்கொண்டே வாருங்கள்.

வகுப்பறையில் கற்றது பணியிடத்துக்குத் தானாகக் கூடவே போகும் என்று நம்ப வேண்டாம். இந்தப் பிள்ளைகளுக்கு இடம் மாறினால் திறனும் தடுமாறும். பள்ளியின் கடைசி ஆண்டுகளில் பாதி நேரமாவது உண்மையான பணியிடத்தில் கழிய வேண்டும் என்பது என் கருத்து. 1996-இல் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் ஆரம்பித்த 'புராஜெக்ட் சர்ச்' (Project SEARCH) என்ற வேலைப் பயிற்சித் திட்டம் இப்படித்தான் இயங்குகிறது. மாணவர் ஓராண்டு முழுக்க ஒரு நிறுவனத்துக்குள்ளேயே இருந்து, சுமார் பத்து வாரம் வீதம் மூன்று பிரிவுகளில் பழகுகிறார். எது பிடிக்கிறது, எது ஒத்துவரவில்லை என்று அவரே சொல்ல அப்போதுதான் வழி. "எனக்கு இது பிடிக்கல" என்பதும் தகவல்தான், அதை அடம் என்று எழுதாதீர்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சொன்னதைக் கேட்பதையே பல வருடமாகப் பாராட்டிப் பாராட்டி வளர்க்கிறோம். யார் சொன்னாலும் கேட்கும் பிள்ளையை யார் வேண்டுமானாலும் துன்புறுத்தலாம். "வேண்டாம்" என்று சொல்லவும், அந்த "வேண்டாம்" மதிக்கப்படும் என்று நம்பவும் தினசரிப் பயிற்சி வேண்டும். நீல சட்டை வேண்டாமா, சரி, வேறு எடு. உடம்பு உறுப்புகளுக்குச் சரியான பெயர், எங்கே யார் தொடலாம், மாதவிடாய், சுயஇன்பம் தனியறையில் மட்டும் என்பது வரை வெட்கப்படாமல் சொல்லிக்கொடுங்கள். சொல்லாமல் விட்ட பாடத்தை வேறு யாராவது வந்து எடுப்பார்கள்.

பயணம். முதலில் பக்கத்தில், பிறகு பத்தடி பின்னால், பிறகு பேருந்தின் பின் இருக்கையில், பிறகு ஒருவர் ஏற்றிவிட இன்னொருவர் இறங்குமிடத்தில். கடைசியாகத் தவறும்போது என்ன செய்வது என்ற பாடம். ஒரு நிறுத்தம் தாண்டி இறங்கட்டும், நீங்கள் கண்ணுக்குத் தெரியாமல் நில்லுங்கள். தேடி அலையக் கூடாது, இறங்கிய இடத்திலேயே நின்று போனில் முதல் எண்ணை அழுத்த வேண்டும். இதை மூன்று வெவ்வேறு இடங்களில் சரியாகச் செய்த பிறகே தனியே அனுப்புங்கள். நமக்கு வயிற்றைப் பிசையும், ஆனாலும் அனுப்பியாக வேண்டும்.

வேலையில் சேர்ந்தபின் கூடப் போகும் பயிற்சியாளர், அதாவது ஜாப் கோச், முதல் நாளிலிருந்தே விலகும் திட்டத்தோடு போக வேண்டும். முதல் வாரம் முழுநாள், பிறகு பாதி நாள், பிறகு வாரம் இருமுறை, தவறுகள் அதிகமாகாதவரைதான் இந்த இறக்கம். சந்தேகம் வந்தால் பக்கத்து மேசைக்காரரைக் கேட்கப் பழக்க வேண்டும், தன்னைக் கேட்க விடக் கூடாது. அந்தச் சக ஊழியருக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, ஒருமுறை சொல்லிவிட்டுக் காத்திருக்கச் சொல்லிக்கொடுங்கள். எல்லாம் சீராக ஓடி ஆறு மாதம் கழித்தும் ஒரு நாள் சிக்கல் வரும்: மேற்பார்வையாளர் மாறுவார், இயந்திரம் மாறும், மேசை இடம் மாறும். அந்த வாரம் கோச் திரும்பப் போய், பழைய படிப்பட்டியலை எடுத்து, புதிய மேசைக்கு முன்னால் நின்று தானே ஒருமுறை செய்து பார்த்து, மாறிய படிகளை மட்டும் திருத்தி எழுதிக்கொள்ள வேண்டும்.