முதலில் நிற்கத் தெரிந்த இயந்திரம் வரட்டும், ரோபோவை அப்புறம் பார்க்கலாம்

சிறிய அளவில் ஜவுளி யூனிட் நடத்துபவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: "ஆள் கிடைக்கவில்லை, ஆட்டோமேஷன் போட்டாக வேண்டும்." ஆள் கிடைக்கவில்லை என்பது உண்மைதான். அதற்காக எடுத்த எடுப்பிலேயே ஆளே இல்லாமல் ஓடும் இயந்திரத்தைத் தேடிப் புறப்படுவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. சின்ன யூனிட்டில் பணம் கரைவது பெரும்பாலும் சம்பளத்தில் இல்லை. தப்பாக ஓடியது யாருக்கும் தெரியாமலே மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பதில்தான் கரைகிறது.

ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924-இல் முடித்துக் கொடுத்த ஜி வகைத் தானியங்கித் தறியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற வேகத்திலேயே நாடாவை, அதாவது குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் கட்டையை, மாற்றிக்கொள்ளும் என்பது அதன் பெருமைகளில் ஒன்று. எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று: பாவு நூல், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், அறுந்தால் தானாக நின்றுவிடும். நூல் அறுந்த தறியை ஓடவிட்டால் பழுதான துணிதான் நீளமாக வரும். அதைத் தடுக்கத் தறியை ஆள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. தானாக நிற்கும் தறி வந்தபின் ஒரே ஆள் இன்னும் பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. இயந்திரங்களை உலகுக்கே விற்றுக்கொண்டிருந்த இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் 1929-இல் இந்தத் தறிக்கான உரிமையைக் கேட்டு வாங்கியது. இங்கே ஆள் குறைந்தது தப்பு குறைந்ததன் விளைவு. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்யப் பார்க்கிறோம்.

தையல் ரோபோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு வீடியோ வருகிறதே. துணி வளையும், இழுபடும், ஓரம் சுருளும். அடுக்கிலிருந்து ஒரே ஒரு துண்டை எடுப்பதுகூட இயந்திரத்துக்குப் பெரிய பாடு. 2016-இல் செவ்போ என்ற முயற்சியில் ரோபோ ஒரு டி-ஷர்ட்டைத் தைத்தது. எப்படி? துணியைத் தண்ணீரில் கரையும் பசையால் அட்டை மாதிரி விறைப்பாக்கித் தைத்து, பிறகு அலசி எடுத்தார்கள். புத்திசாலித்தனமான வழி, மறுக்கவில்லை. ஆனால் டெய்லரின் விரல்கள் யோசிக்காமல் செய்வதற்கு இவ்வளவு சுற்ற வேண்டியிருக்கிறது. அடிடாஸ் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் அமைத்த தானியங்கிக் காலணித் தொழிற்சாலைகளை மூடப்போவதாக 2019-இல் அறிவித்தது. அவ்வளவு பெரிய கையிருப்பு உள்ளவர்களே பின்வாங்கிய இடத்தில், கடன் வாங்கி முதல் ஆளாக நிற்க வேண்டிய அவசியம் சின்ன யூனிட்டுக்கு இல்லை.

சரி, பணத்தை எங்கே போடுவது? என்னைக் கேட்டால் டையிங்கில். பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் போடும்போது உப்பு சாயத்தை நூல் பக்கம் தள்ளும், சோடா ஆஷ் என்ற காரப் பொடி அதை நூலோடு பிணைக்கும். அந்தச் சோடாவை அவசரத்தில் ஒரேயடியாகக் கொட்டினால் சாயம் சட்டென்று பிடித்துக்கொண்டு திட்டுத் திட்டாக நிற்கும். டோசிங் பம்ப் இதே சோடாவை முதலில் சொட்டுச் சொட்டாகவும் பிறகு வேகம் கூட்டியும் விடுகிறது. நடு ராத்திரி ஷிப்டிலும் அதற்குத் தூக்கம் வராது. ஒரு லாட்டில், அதாவது ஒரே தடவையில் சாயமேற்றிய துணியில், ஷேடு (நிறம்) தப்பினால் மறுபடி தண்ணீர், நீராவி, கெமிக்கல், இயந்திர நேரம். பிடித்த சாயத்தை உரித்துவிட்டுத் திரும்பச் சாயம் ஏற்றினால் துணியின் வலுவும் போகும். டெலிவரி தேதி தள்ளிப்போவதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சாயத்தை எடை போடும் தராசு, டோசிங் பம்ப், வெப்பநிலைக் கட்டுப்பாடு, ஷேடு அளக்கும் கருவி, இந்த நாலும் ஒழுங்காக இருந்தாலே லாபக் கணக்கு மாறும். இதில் ஒருவருடைய வேலையும் போகாது. ஆனால் இதையெல்லாம் யாரும் வீடியோ எடுத்து அனுப்பமாட்டார்கள்.

கட்டிங்கிலும் அப்படித்தான். உடையின் செலவில் பெரும்பங்கு துணிதான். கம்ப்யூட்டரில் மார்க்கர், அதாவது துணியில் எந்தத் துண்டை எங்கே வெட்டுவது என்ற வரைபடம், போட்டுக் கழிவைக் கொஞ்சம் குறைத்தாலும் அந்தச் சேமிப்பு ஒவ்வொரு ஆர்டரிலும் வரும். பெரிய ஆட்டோ கட்டர் வேறு விஷயம். சின்னச் சின்ன ஆர்டர்தான் வருகிறது என்றால் அது பாதி நாள் சும்மா நிற்கும், தவணை மட்டும் நிற்காது. பழைய தையல் இயந்திரத்தில் தைக்காதபோதும் சுற்றிக்கொண்டே இருக்கும் கிளட்ச் மோட்டாரை எடுத்துவிட்டு சர்வோ மோட்டார் மாட்டுவது மலிவான வேலை. சர்வோ மிதித்தால் மட்டும் ஓடும் என்பதால் கரண்ட் மிச்சம்.

இயந்திரம் விற்க வருபவர்கள் பேசாத ஒன்று உண்டு: பீஸ் ரேட். துண்டுக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு இயந்திரம் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். தப்பு வந்தால் நிற்கும் சென்சாரை நீங்கள் மாட்டுகிறீர்கள். நூல் தரம் மோசமாக இருந்தால் அது அடிக்கடி நிற்கும். அந்த நேரத்துக்கான கூலியை யார் தருவது? இதற்குப் பதில் இல்லாமல் மாட்டினால் சில வாரங்களில் சென்சாரின் மேல் ஒரு டேப் ஒட்டியிருக்கும். ஒட்டியவரை நான் குறை சொல்லமாட்டேன். வேகமான இயந்திரம் வந்த கையோடு துண்டுக்கான கூலியைக் குறைக்கும் முதலாளியிடம், எந்த இடத்தில் துணி சிக்குகிறது என்று எந்த ஆபரேட்டரும் வாய் திறந்து சொல்லவும் மாட்டார். தெரிந்தவர் அவர்தான்.

ஆகவே கொட்டேஷன் வாங்கும் முன் இரண்டு கணக்கு போடுங்கள். போன மாதம் எவ்வளவு நேரம் என்ன காரணத்தால் இயந்திரங்கள் நின்றன என்று ஒரு நோட்டில் எழுதவையுங்கள், எழுதுவது ஆபரேட்டராகவே இருக்கட்டும். அடுத்து, அப்படி நின்ற நேரத்துக்குக் கூலி உண்டு என்று முடிவு செய்து அதை எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். எந்த இயந்திரம் வாங்குவது என்பதை அந்த நோட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.